துவிச்சக்கர வண்டியில் உலகு கண்டவர்

பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களினூடே துவிச்சக்கர வண்டியில் உலாவுதல் இக்காலத்துச் செல்வர்க்கு இன்பப் பொழுதுபோக்கு. ஆசியாவிலிருந்தே அவ்வண்டியிற் புறப்பட்டு அந்நாடு சென்ற எளியவர் ஒருவர் உளர். அவரே வங்காளத்து ராம்நாத் பிஸ்வாஸ்.

1894இல் சில்ஹெட் மாவட்டத்துப் பானியாசோங் கிராமத்திற் பிறந்த இவர், பள்ளிக் கல்வி நிரம்பாதவர். முதல் உலகப் போரிற் படைவீரராய் மெசொப்பொத்தேமியா சென்றார். பின் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்தார். 1931 யூலையில் அங்கிருந்தே உலகப் பயணந் தொடங்கினார். செருப்பு ஒரு சோடி, போர்வை இரண்டு, வண்டி திருத்துங் கருவிகள் கொண்ட பெட்டி ஒன்று. அவர் கொண்டு சென்றவை இவ்வளவே. மலாயா, சீயம், சீனம், யப்பான் கடந்து கனடாவை அடைந்தபோது அங்கே தடுத்து வைக்கப்பட்டார். வேறொருவராயின் அத்துடன் வண்டியை விற்றிருப்பார். இவரோ 1934இல் மீண்டும் புறப்பட்டு, ஆப்கானித்தானம், பாரசீகம், துருக்கி, செர்மனி, பெல்சியம் வழியாகப் பிரான்சையும் இங்கிலாந்தையுங் கண்டார். 1938இல் ஆபிரிக்கா சென்றார்.

கண்டவற்றை வங்க மொழியில் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களாக்கினார். பதிப்பிப்பார் முன்வராமையால் தாமே பதிப்பகம் நிறுவினார். பயண நூலென்றால் மாளிகைகளின் பட்டியல் என்றெண்ணும் நம் மாணவர்க்கு, ஏ. கே. செட்டியாரை அடுத்து இவரையே நான் எடுத்துக் கூறுவது வழக்கம்.

1947இல் நாடு பிரிந்தது. பானியாசோங் பாகித்தானத்துட் சேர்ந்தது. எத்தனையோ எல்லைகளைக் கடந்த அவர், பிறந்த ஊரை நீங்கிக் கல்கத்தாவிற் குடியேறி, 1955இல் அங்கேயே காலமானார்.