புகையை அடக்கிய காட்ரெல்

தொழிற்சாலைகள் பெருகிய நாடுகளில் செல்வம் வளர்ந்தது. அதனோடு புகையும் வளர்ந்தது. கொதிகலன்களும் உலைகளும் கக்கிய புகை வானத்தை இருளச் செய்தது. அப்புகையிலுள்ள தூசியை மின்னாற்றலால் பிரித்தெடுக்கும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் ஆவார்.

காட்ரெல் 1877ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓக்லந்து நகரில் பிறந்தார். செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1902இல் முனைவர் பட்டம் பெற்றார்; தாயகம் திரும்பிப் பெர்க்லியில் வேதியியல் கற்பித்தார்.

அக்காலத்தில் செல்பி என்னுமிடத்திலிருந்த ஈய உலையின் புகையால் தம் நிலங்கள் கெட்டன என்று உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். உலையை மூடினால் தொழிலாளர் பிழைப்பை இழப்பர். மூடாவிடில் உழவர் விளைவை இழப்பர். இருவரும் வாழ வழிகாண முனைந்தார் காட்ரெல்.

மின்சாரத்தால் புகையைப் படியச் செய்யும் எண்ணம் புதியதன்று. ஆங்கில அறிஞர் ஆலிவர் லாட்ஜ் 1880களில் அதனை ஓர் ஈய ஆலையில் முயன்று தோல்வியுற்றார். காட்ரெல் அத்தோல்வியை இகழாது, அதன் காரணத்தை ஆராய்ந்தார். உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்தும் வழியை வகுத்தார். பஞ்சுநூல் சுற்றிய கம்பி ஒன்று இருளில் ஒளிர்வதைக் கண்டு, நுண்ணிழைகளின் வழியே மின்னூட்டம் நன்கு பரவும் என்பதையும் அறிந்தார். 1908இல் காப்புரிமை பெற்றார்.

இக்கருவியில் கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் இடையே புகை செல்லும். கம்பியினின்று மின்னூட்டம் பெற்ற துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் அவை கீழே உதிரும். ரிவர்சைடு நகரத்துச் சிமெண்டு ஆலையின் தூசி ஆரஞ்சுத் தோட்டங்களை வாட்டியபோது, இக்கருவியே அதனைத் தடுத்தது. ஆயினும் இது தூசியையும் நுண்துளிகளையுமே பிடிக்கும். கந்தக டைஆக்சைடு போன்ற வளிகளைப் பிடிக்காது. எனவே, புகையில் உள்ளவை எவை என்று அளந்தறிந்த பின்னரே, அதற்கேற்ற கருவியைத் தேர்தல் வேண்டும்.

காப்புரிமையால் வரும் பெருஞ்செல்வத்தைக் காட்ரெல் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1912இல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவி, தம் உரிமைகளை அதற்கு வழங்கினார். அக்கழகத்தின் பொருளுதவி பின்னர்ப் பல அறிஞர்களின் ஆய்வுக்குத் துணைநின்றது. அவர் 1948இல் மறைந்தார்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலும் இராணிப்பேட்டையும் ஒருகாலத்தில் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அவ்விராணிப்பேட்டையிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம், அனல்மின் நிலையக் கொதிகலன்களின் சாம்பலைப் பிடிக்கும் இத்தகைய கருவிகளைச் செய்துவருகிறது. அறிவால் ஈட்டியதைப் பிறர்க்கே ஈந்த காட்ரெலின் பயன், கடல் கடந்து நம் நாட்டையும் அடைந்துள்ளது.