ஏழு வயதுக் கணக்கும் கெரோலின் நோர்ட்டனும்

முஸ்லிம் அல்லாத தம்பதிகள் மலேசியாவில் மணவிலக்குக்குப் போனால், பிள்ளையின் வயது என்ன என்ற கேள்வி கட்டாயம் எழும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்று 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் கருதுகிறது. அப்படியல்ல என்பவர்தான் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இதே ஏழு வயது 1839இல் இங்கிலாந்துச் சட்டத்தில் இடம்பெற்றது. அதற்காகப் போராடியவர் கெரோலின் நோர்ட்டன். சட்டம் வந்தபோது அவருடைய மூன்று மகன்களும் அவரிடம் இல்லை.

1808இல் லண்டனில் பிறந்த கெரோலின், நாடகாசிரியர் ரிச்சர்ட் செரிடனின் பேத்தி. பெயர்பெற்ற குடும்பம்தான், ஆனால் கையில் காசில்லை. தந்தை 1817இல் காலமானார். சீர் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண், 1827இல் ஜார்ஜ் நோர்ட்டன் என்ற வழக்கறிஞருக்கு வாழ்க்கைப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அந்த மனிதர், மனைவியைக் கைநீட்டி அடிப்பவர். குடும்பம் நடத்த வருமானமும் போதவில்லை. கெரோலின் கவிதையும் கதையும் எழுதிச் சம்பாதித்தார். அந்தப் பணமும் சட்டப்படி கணவருடையதே. பதவியிழந்த கணவருக்காக, அப்போது உள்துறை அமைச்சராக இருந்த மெல்போர்ன் பிரபுவிடம் கேட்டு மாஜிஸ்திரேட் வேலை வாங்கிக் கொடுத்தவரும் கெரோலின்தான்.

அந்த நன்றி எப்படித் திரும்பி வந்தது என்பதை 1836 காட்டியது. கெரோலின் தம் சகோதரர் வீட்டுக்குப் புறப்படவிருந்த வேளையில், ஜார்ஜ் மூன்று பிள்ளைகளையும் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். மூத்தவன் பிளெட்சருக்கு ஆறு வயது. இளையவன் வில்லியமுக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. பிறகு, அதற்குள் பிரதமராகிவிட்ட மெல்போர்னைத் தம் மனைவியோடு இணைத்து, 10,000 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். தம் மானம் ஏலம் போன அந்த வழக்கில் கெரோலினால் சாட்சி சொல்ல முடியவில்லை; தமக்கென்று வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. மனைவி என்பவர் சட்டத்தின் கண்ணில் தனி ஆளே அல்ல.

ஜூரிகள் இருக்கையை விட்டு எழாமலே வழக்கைத் தள்ளினார்கள். அந்த வெற்றியால் கெரோலினுக்குப் பயனில்லை. குற்றம் நிரூபணமாகாததால் மணவிலக்கு இல்லை. மனைவி என்ற விலங்கு அப்படியே இருந்தது. பிள்ளைகளோ முழுக்க முழுக்கத் தகப்பனின் உடைமை. 1804இல் ஒரு வழக்கில், பால்குடிக் குழந்தையைத் தாயிடமிருந்து பறித்துச் சென்ற தகப்பனிடமே அதை விட்டுவைத்த நாடு அது. பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு ஒருமுறை போன கெரோலின் கீழே உட்கார வைக்கப்பட்டார். மாடியில் அவர்கள் ஓடி விளையாடும் காலடிச் சத்தம் கேட்டது. மேலே போக விடவில்லை.

அழுதுகொண்டு இருந்துவிடாமல் அவர் பேனாவை எடுத்தார். தாய்க்கும் உரிமை வேண்டும் என்று சிறு நூல்கள் எழுதினார். பெண் எழுதினால் மதிப்பிருக்காது என்று ஒன்றை ஆண் பெயரில் வெளியிட்டார். தாமஸ் டல்போர்டு என்ற வழக்கறிஞர் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1838இல் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. மறு ஆண்டு நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தம்மிடம் ஒப்படைக்கவும், அதைத் தாண்டிய பிள்ளையைப் பார்க்கவும் ஒரு தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்ற நிலை வந்தது. நடத்தை கெட்டவள் என்று தீர்ப்பான தாய்க்கு இது கிடையாது. செலவு பிடிக்கும் சான்சரி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதால் ஏழைத் தாய்க்கும் எட்டாக்கனிதான்.

கெரோலினுக்கே அது எட்டவில்லை. பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். இங்கிலாந்துச் சட்டம் அங்கே செல்லாது. 1842இல் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயமடைந்தான். காயம் புரையோடியது. தாய்க்குச் சொல்லியனுப்பினார்கள்; அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. அதன் பிறகுதான் மற்ற இருவரையும் பார்க்க ஜார்ஜ் இறங்கி வந்தார்.

இவ்வளவுக்கும், ஆணும் பெண்ணும் சமம் என்று கெரோலின் வாதாடியவர் அல்லர். பெண்ணுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்ற அளவோடு நின்றார். பின்னாளில் பெண்ணுரிமை பேசியவர்களுக்கு இது உறுத்தலாகவே இருந்தது. ஆனால், கைவிடப்பட்ட மனைவியின் சம்பாத்தியத்துக்குப் பாதுகாப்பு தந்த 1857ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் எழுத்தின் பங்கு உண்டு. 1873இல் ஏழு வயது வரம்பு பதினாறாக உயர்ந்தது. 1925இல் பிள்ளையின் நலனே முதன்மை என்று இங்கிலாந்துச் சட்டம் ஏற்றது. மலேசியாவின் 1961ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று எழுதப்பட்டதோ 1999இல்தான்.

ஜார்ஜ் 1875இல் இறந்தார். 1877 மார்ச்சில், தம் நெடுநாள் நண்பர் வில்லியம் ஸ்டெர்லிங் மேக்ஸ்வெல்லைக் கெரோலின் மணந்துகொண்டார். அதே ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, தம் 69ஆம் வயதில் காலமானார்.