பிரித்துப் பார்த்தவர், பூட்டியும் காட்டியவர்

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் பறக்கிற கார்களைப் பார்க்கிறோம். அதில் கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள் இப்போது சாதாரணம். நாளைக்கு டிப்ளமா முடித்து ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நம்ம முன்னால் அப்படி ஒரு வண்டி வரும். லீவரை டி-யில் போட்டால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது என்று ஓனர் புலம்புவார்.

கியர் பாக்ஸை இறக்கணும் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் தெரிந்தவர் முதலில் ஸ்பேனரைத் தொட மாட்டார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, அந்த வண்டியின் மேனுவல் சொல்கிற முறைப்படி ஆயில் அளவைப் பார்ப்பார். நிறம் கறுத்திருக்கிறதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று பார்ப்பார். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். அடுத்து லீவர் கேபிள். அது தளர்ந்திருந்தால் லீவர் டி-யில் நிற்கும், உள்ளே வால்வு பாதி வழியில் நிற்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்தாலே வண்டி ஓடிவிடலாம். அதற்கும் சரியாகாவிட்டால் ஸ்கேனர், பிரஷர் கேஜ். பாக்ஸைத் திறப்பது கடைசி வேலை.

இந்தப் பொறுமை யாருக்கு வரும்? உள்ளே ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று அறிந்தவனுக்குத்தான் வரும். அந்த அறிவை வகுப்பறையில் இல்லாமல் தன் கையாலேயே தேடிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் கோவை ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் துரைசாமி. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சீக்கிரமே படிப்பு நின்றது. ஒருநாள் ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் தானாக ஓடுகிறது! அந்த ஆச்சரியம் அவரைத் தூங்கவிடவில்லை.

கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்து, அதேபோன்ற ஒரு மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்; திரும்பப் பூட்டினார். பிரிப்பது யாராலும் முடியும் நண்பர்களே! மிச்சம் ஒரு நட்டுகூட இல்லாமல் பூட்டி, கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்வதில்தான் பரீட்சையே இருக்கிறது. அந்தப் பரீட்சையில் பாஸாகி மெக்கானிக் ஆனார் நாயுடு.

1920-ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவரே. பஸ் தொழிலில் ரிப்பேர் என்றால் சும்மா இல்லை. வண்டி வழியில் நின்றால் அன்றைய கலெக்‌ஷன் போச்சு; மறுநாள் அந்தப் பயணி நம்ம பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் மாட்டார். நின்ற பிறகு பிரிப்பதைவிட நிற்பதற்கு முன்பே கோளாறைக் கண்டுபிடிக்கணும். அந்த ஒற்றை பஸ்தான் வளர்ந்து, நாடறிந்த யு.எம்.எஸ். பஸ் கம்பெனி ஆனது.

கை பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைக் கோவையில் தயாரித்தார்கள். பேட்டரி செல்லில் ஓடும் சவர ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! ஆனால் அதைத் தயாரிக்க அரசின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. வரிக்கொள்கை மேல் கோபம் வந்தபோது, தன் கண்டுபிடிப்புகளை மக்கள் முன்னால் தானே உடைத்துக் காட்டினார். பூட்டிப் பழகிய கை உடைத்தது என்று படிக்கும்போது நமக்கு இன்றும் வலிக்கிறது.

நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் இனிமேல்தான். 1945-ல் அவர் முயற்சியால் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் கையைப் பழக்கி மாணவனை வெளியே அனுப்பிவிடலாம் என்றார் நாயுடு. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்த நிலையம்தான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அது பிறந்த இடத்தை இன்றும் ஹோப் காலேஜ் ஸ்டாப் என்றுதான் கண்டக்டர்கள் கூவுகிறார்கள்.

நாயுடு சொன்னது முழுக்க சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குள் ஆயில் எந்த வழியில் ஓடி எந்த வால்வைத் தள்ளுகிறது என்பதை வெறும் ஸ்பேனர் சொல்லித் தராது. அதற்கு ஹைட்ராலிக்ஸ் படிக்கணும், டயகிராம் போடணும். ஆனால் டயகிராமை மட்டும் மனப்பாடம் செய்து 75 மார்க் வாங்கினவனுக்கு, வழுக்குகிற வண்டி முன்னால் கை நடுங்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுப்பது நம்ம மூன்று வருஷப் படிப்புதான். வெறும் டிப்ளமா தானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் தலை குனிய வேண்டாம்.

1974 ஜனவரி 4-ல் நாயுடு மறைந்தார். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அந்தப் பாலத்தில் போகத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஒன்று செய்வோம். வீட்டில் கெட்டுக் கிடக்கும் மிக்ஸியோ பழைய டிவிஎஸ் 50-யோ, ஏதாவது ஒன்றை எடுங்கள். முதலில் என்ன கோளாறு என்று யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பிரித்து, பாகங்களை வரிசையாகப் பழைய பேப்பரில் அடுக்குங்கள். எழுதியது சரியா என்று பாருங்கள்.

பூட்டும்போது ஒரு நட்டு மிச்சமானால், மறுபடி பிரியுங்கள்!