கத்தரிக்கோலால் கதை சொன்ன அம்மையார்

கதை கேட்டலில் விருப்பமில்லாத சிறார் எந்நாட்டிலும் இலர். அத்தகைய பழங்கதைகளைக் கருந்தாளில் உருவங்களாக வெட்டித் திரையில் நடமாடச் செய்தவர் லோட்டே ரைனிகர் அம்மையார். இவர் செருமனி நாட்டில், பெர்லின் மாநகரை அடுத்த சார்லாட்டன்பர்க் என்னும் ஊரில், 1899 ஆம் ஆண்டு சூன் திங்கள் 2 ஆம் நாள் பிறந்தார்.

இளமையிலேயே கத்தரிக்கோல் இவர்க்கு வசப்பட்டது. தாளைத் திருப்பித் திருப்பி வெட்டியே மனிதரையும் விலங்குகளையும் உருவாக்குவார். சீன நாட்டு நிழற்பாவைக் கூத்தில் பெருவிருப்புக் கொண்டு, இல்லத்திலேயே சிறு நிழலரங்கு அமைத்து ஆடிக் காட்டுவார். பின்னர் நடிப்புப் பயிலச் சென்றபோது, பால் வெகனர் என்னும் புகழ்பெற்ற நடிகரின் ஆதரவு கிடைத்தது. அவர் 1918 இல் ஹாமலின் நகரத்துக் குழலூதியின் கதையைப் படமாக்கினார். குழலோசையில் மயங்கி எலிகள் பின்தொடர வேண்டும். உயிருள்ள பிராணிகளோ ஏவியபடி நடக்கவில்லை. ஆகவே மரத்தால் எலிகள் செய்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தனர். அப்பணியில் ரைனிகரும் பங்கு கொண்டார். அசையாப் பொருளை அசையச் செய்யும் வித்தையை இவர் கற்றது இவ்வாறே.

அவ்வித்தை பெரும்பொறுமையை வேண்டுவது. தலை, கை, கால் முதலிய உறுப்புகளைக் கருநிற அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் தனித்தனியே வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைப்பார். கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமீது பாவையைக் கிடத்தி, மேலே பொருத்திய கருவியால் ஒரு படம் எடுப்பார். பிறகு பாவையை மயிரிழையளவு நகர்த்தி மற்றொன்று எடுப்பார். திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு இத்தகைய படங்கள் ஏறத்தாழ 24 தேவை. ஒரு பாவை வாயிலைக் கடப்பதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும் என்று கூறினும் மிகையாகாது.

1921 இல் கார்ல் கோக் என்பவரை மணந்தார். கணவரே கருவியை இயக்குபவராகவும் துணைவராகவும் அமைந்தார். 1922 இல் சிண்டரெல்லாவின் கதை குறும்படமாக வெளிவந்தது. அக்காலத்தில் செருமனியில் பணத்தின் மதிப்பு நாடோறும் வீழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு அஞ்சிய லூயி ஹாகன் என்னும் வங்கியாளர், பணத்திற்கு மாற்றாகப் படச்சுருளை மிகுதியாக வாங்கி வைத்திருந்தார். அச்சுருளையும், போட்சுடாம் நகரில் தம் வண்டிக்கொட்டிலின் மேல்மாடியையும் அம்மையார்க்கு அளித்தார். அங்கே 1923 முதல் மூன்றாண்டுகள் உழைத்து, ஆயிரத்தொரு இரவுக் கதைகளினின்று இளவரசர் அகமது பற்றிய நெடும்படத்தை ஆக்கினர். மந்திரவாதியும் சூனியக்காரியும் அரிமாவாகவும் பாம்பாகவும் தேளாகவும் சேவலாகவும் உருமாறிப் பொரும் காட்சி, கண்டோர் மறவாதது. 1926 இல் பெர்லினிலும் பாரிசிலும் அஃது அரங்கேறியது.

இட்லரின் ஆட்சி வந்தபின், கணவனும் மனைவியும் நாட்டைவிட்டு நீங்கினர். எந்நாடும் இவர்களை நிலையாகத் தங்கவிடவில்லை. உரிமைச்சீட்டின் காலம் முடியுந்தோறும் வேறு நாடு செல்ல வேண்டியதாயிற்று. பாவைகளும் பெட்டிகளிற் சென்றன. போரின் இறுதிக் காலத்தில், நோயுற்ற அன்னையைப் பேணும்பொருட்டுக் குண்டுமாரி பொழியும் பெர்லினுக்கே திரும்பினார். அறிந்தும் அவ்விடம் சென்ற துணிவை யான் வியக்கின்றேன். அகமது படத்தின் மூலச்சுருள் அப்போரில் அழிந்தது. மூன்றாண்டு உழைப்பில் எஞ்சியது பிறநாடுகளுக்குச் சென்ற படிகளே. இலண்டனில் இருந்த ஒரு படியைக்கொண்டு பிற்காலத்தில் அப்படம் மீட்கப்பட்டது.

1949 இல் இலண்டனிற் குடியேறியபோது இவர்க்கு வயது ஐம்பது. மீண்டும் கத்தரிக்கோலை எடுத்தார். பழைய வங்கியாளரின் மகனே இப்போது துணைநின்றார். சிறுவனாகத் தந்தையின் மாடியில் பாவைகளைக் கண்டவர் அவர். தவளை இளவரசன், உறங்கும் அழகி, ஆன்சலும் கிரேத்தலும் எனச் சிறு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. வீரமிக்க சிறு தையற்காரனின் கதைக்கு 1955 இல் வெனிசு நகரப் படவிழாவிற் பரிசு கிடைத்தது.

1963 இல் கணவர் மறைந்தார். அதன்பின் பல்லாண்டுகள் அம்மையார் படமெடுத்தாரல்லர். பின்னர்க் கனடா நாட்டார் அழைக்க அங்குச் சென்று, எழுபத்தைந்து வயதைக் கடந்த நிலையிலும் மேசையருகே அமர்ந்து புதிய பாவைகளை வெட்டினார். 1981 ஆம் ஆண்டு சூன் 19 ஆம் நாள் செருமனியின் தெட்டன்கௌசன் என்னும் ஊரில் இயற்கை எய்தினார். அவர் வெட்டிய பாவைகளை அண்மையிலுள்ள தூபிங்கன் நகரின் காட்சியகத்தில் காணலாம்.