ஓட்டர்கள் கைவிட்ட பர்க்

ஓட்டு வாங்கிப் போனவர் யார் சொல்படி நடக்க வேண்டும்? ஓட்டர் சொல்படியா? கட்சி சொல்படியா? தன் மனச்சாட்சிப்படியா?

இந்தக் கேள்வியில் சிக்கித் தொகுதியையே இழந்தவர், எட்மண்ட் பர்க்.

அயர்லாந்தில் உள்ள டப்ளின் நகரில் 1729-ல் பிறந்தவர். தகப்பனார் வக்கீல், புராட்டஸ்டண்டு. தாயார் கத்தோலிக்கர்.

சட்டம் படிக்க லண்டன் சென்ற பர்க், அதை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கினார். 1765-ல் ராக்கிங்காம் பிரபுவின் காரியதரிசி ஆனார். அதே ஆண்டில் பார்லிமெண்டு மெம்பரும் ஆகிவிட்டார்.

கட்சி என்றாலே கோஷ்டிச் சண்டை என்று பலர் முகம் சுளித்த காலம் அது. பர்க் அப்படி எண்ணவில்லை. ஒரே கொள்கை உடையவர்கள் நாட்டு நன்மைக்காக ஒன்று சேருவதே கட்சி என்று 1770-ல் எழுதினார்.

கட்டளையா? மனச்சாட்சியா?

1774-ல் பிரிஸ்டலில் தேர்தல். அது பெரிய துறைமுகம். வியாபாரிகளின் ஊர். சுமார் 5 ஆயிரம் பேருக்கு ஓட்டு உண்டு. இடங்கள் இரண்டு.

குரூகர் என்பவரும் பர்க்கும் ஜெயித்தார்கள்.

ஓட்டர்கள் இடும் கட்டளைப்படி நடப்பதாகக் குரூகர் கூறினார். கூட்டத்துக்கு மகிழ்ச்சி!

அடுத்துப் பர்க் பேசினார். உங்கள் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் என் அறிவை உங்களுக்காக அடகு வைக்க மாட்டேன் என்கிற விதமாகப் பேசினார். வெற்றி விழாவில் இப்படிப் பேச எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சோதனை சீக்கிரமே வந்தது. அயர்லாந்து வியாபாரத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்த, 1778-ல் யோசனை வந்தது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பிரிஸ்டல் வியாபாரிகள் கொதித்தார்கள். பர்க் அந்த யோசனையை ஆதரித்தார். கத்தோலிக்கருக்குச் சலுகை தருவதையும் ஆதரித்தார். அதுவும் பலருக்குப் பிடிக்கவில்லை.

தொகுதிப் பக்கம் அவர் தலைகாட்டியதும் அபூர்வம். இது அவர் குற்றம்தான்.

1780-ல் மறுபடியும் தேர்தல். பிரிஸ்டலுக்கு வந்தார், நிலைமையைப் பார்த்தார், போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

பிறகு ராக்கிங்காம் பிரபு அவருக்கு மால்ட்டன் தொகுதியைக் கொடுத்தார். ஆம், கொடுத்தார்! அந்த ஊர் பிரபுவின் கைக்குள் இருந்தது. அவர் கை காட்டியவரே மெம்பர்.

ஆர்க்காட்டுக் கடன்

ஓட்டே இல்லாத நம் மக்களுக்காகவும் பர்க் பேசினார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கூறிய வெள்ளைக்காரர்கள், கர்நாடகச் சீமையின் வருமானத்திலிருந்து பணம் பெற ஏற்பாடு ஆகியிருந்தது. அந்தக் கடன்காரர்களுக்குப் பார்லிமெண்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்று 1785-ல் பர்க் சாடினார். தீர்மானம் தோற்றது.

1791-ல் பிரெஞ்சுப் புரட்சி பற்றித் தம் கட்சியோடும் முறித்துக்கொண்டார். நெடுநாள் நண்பர் பாக்ஸ் சபையிலேயே கண்ணீர் விட்டார். பர்க் மசியவில்லை.

1797 ஜூலை 9-ல் காலமானார்.

அவரைக் கைவிட்ட பிரிஸ்டல் நகரில், 1894-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.