19 எம்எல்ஏக்கள், ஒரு மந்திரி பதவி, கலைந்துபோன கட்சி: யார் இந்த ராமசாமி படையாட்சியார்?

திருநாவலூர் என்றால் பலருக்கும் சுந்தரர் பிறந்த ஊர். தேர்தல் ரிசல்ட்டுகளைத் தோண்டுகிறவர்களுக்கு, அது காணாமல்போன ஒரு தொகுதியின் பெயர். 2006 வரை திருநாவலூர் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அந்தப் பெயர் போய்விட்டது. இப்போது ஊர் உளுந்தூர்பேட்டை தொகுதிக்குள் இருக்கிறது.

மாவட்டத்தின் பெயரும் இப்படித்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் தென்னாற்காடு, 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. நடுவில் ஒரு நாலு வருஷம் மட்டும் இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது: விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது, அதுவும் போய்விட்டது.

ஒரு மாவட்டத்துக்கே பெயர் வைக்கும் அளவுக்கு இவர் என்ன செய்தார்?

கடலூர் சேர்மன்

எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் 1918 செப்டம்பர் 16-ல் கடலூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். பெரிய வக்கீலோ ஜமீன்தாரோ கிடையாது. ஆனாலும் இளம் வயதிலேயே கடலூர் நகராட்சித் தலைவர் ஆகிவிட்டார்.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த செங்கல்பட்டு, வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களில் வன்னியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பெரும்பாலும் சிறு விவசாயிகள், விவசாயக் கூலிகள். ஓட்டு இருந்தது. ஆனால் காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலில் அதற்கேற்ற இடம் கிடைக்கவில்லை என்ற கோபமும் இருந்தது.

1949-ல் தென்னாற்காடு ஜில்லா போர்டு தேர்தல் வந்தது. வன்னியர் சங்கத்தினர் தனியாகக் களமிறங்கி 52 இடங்களில் 22-ஐப் பிடித்தார்கள். தனியாக நின்றாலும் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது.

ஒரு சங்கம், ரெண்டு கட்சி

அடுத்தது, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல். அதற்கு முன்னால், 1951-ல் வன்னியர் மாநாடு கூடியது. தனிக் கட்சி என்று முடிவானது. ஆனால் தலைவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒன்றுக்கு ரெண்டு கட்சி பிறந்தது.

தென்னாற்காடு, சேலம் பக்கம் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வடஆற்காடு, செங்கல்பட்டு பக்கம் வக்கீல் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி.

பெயரைக் கவனியுங்கள். ரெண்டிலும் சாதிப் பெயர் இல்லை. சொந்தச் சமூக ஓட்டை மட்டும் நம்பினால் போதாது, மற்ற உழைக்கும் மக்களும் வர வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. அந்தத் தேர்தலில் போட்டியிடாத திமுக, திராவிட நாடு கொள்கையை ஏற்று உறுதிமொழி தந்தவர்களை ஆதரித்தது. இந்த ரெண்டு கட்சிகளுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது.

1952: எப்படி ஜெயித்தார்கள்?

ரிசல்ட் இதுதான்:

- உழைப்பாளர் கட்சி: 19 எம்எல்ஏ, 4 எம்பி
- காமன்வீல் கட்சி: 6 எம்எல்ஏ, 3 எம்பி
- காங்கிரஸ்: மொத்தம் 375 இடங்களில் 152 மட்டுமே

தொடங்கி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத கட்சிக்கு இது எப்படிச் சாத்தியம்? நம் தேர்தல் முறையில் பாதி ஓட்டு தேவையில்லை, மற்றவர்களைவிட ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும். பத்துப் பேரில் மூணு பேர் ஒரே பக்கம் நின்று, மீதி ஏழு பேர் நாலு பக்கம் சமமாகச் சிதறினால், மூணுதான் ஜெயிக்கும். மாகாணம் முழுக்கப் பரவாமல் சில மாவட்டங்களில் நெருக்கமாக வாழ்ந்த சமூகத்துக்கு இந்த முறை சாதகமாக அமைந்தது.

அப்போது படையாட்சியாருக்கு வயது 33.

மந்திரி பதவியும் அதன் விலையும்

பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ், ராஜாஜியை முதல்வராகக் கொண்டுவந்தது. மாணிக்கவேலு ஆதரவு கொடுத்து மந்திரியானார். படையாட்சியார் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்.

ரெண்டே வருஷத்தில் நிலைமை மாறியது. குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி விலக, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். முதல்வரையும் சேர்த்து அந்த அமைச்சரவையில் எட்டே பேர். அதில் மாணிக்கவேலு ஒருவர், படையாட்சியார் இன்னொருவர். இவருக்குக் கிடைத்தது உள்ளாட்சித் துறை. நகராட்சியில் தொடங்கியவர், மாகாணத்தின் நகராட்சிகளையெல்லாம் கவனிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

எட்டில் ரெண்டு என்பது, காங்கிரஸ் பட்டியலில் இடமில்லை என்று புகார் சொன்ன சமூகத்துக்குச் சாதாரண விஷயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ரெண்டு கட்சிகளும் கலைக்கப்பட்டு காங்கிரஸில் கரைந்தன. 1952-ல் ஆதரித்த திமுகவுக்கு இது ஏமாற்றம். காங்கிரஸை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களின் பிரதிநிதிகள், இப்போது காங்கிரஸ்காரர்கள்.

1957-ல் காமராஜர் மறுபடி அமைச்சரவை அமைத்தார். மாணிக்கவேலு பெயர் இருந்தது. படையாட்சியார் பெயர் இல்லை. பேரம் பேச இந்த முறை கையில் கட்சியும் இல்லை.

மறுபடியும் முயற்சி

பின்னாளில் உழைப்பாளர் கட்சிக்கு மீண்டும் உயிர் கொடுத்துப் பார்த்தார். 1952 திரும்ப வரவில்லை. காங்கிரஸ் எதிர்ப்பு ஓட்டை அதற்குள் திமுக தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவர் தேர்தல் வாழ்க்கை அங்கே முடியவில்லை. 1980, 1984 என ரெண்டு முறை திண்டிவனம் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தார். ரெண்டு முறையும் காங்கிரஸ் வேட்பாளர். முதல் தடவை காங்கிரஸ் திமுகவோடு கூட்டணி, அடுத்த தடவை அதிமுகவோடு.

அவர் எம்பியாக இருந்த காலத்தில்தான், 1987 செப்டம்பரில், தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரச் சாலை மறியலை நடத்தியது. தலைமை தாங்கியது மருத்துவர் ராமதாஸ். அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் கருணாநிதி அரசு, வன்னியர் உள்ளிட்ட மிகவும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களுக்கும் சீர்மரபினருக்கும் 20 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. அதே வருஷம் பாமக பிறந்தது.

படையாட்சியார் 1992 ஏப்ரல் 3-ல் காலமானார்.

இன்றைக்கு ஏன் இவர் முக்கியம்?

2019-ல் சட்டமன்றத்தில் அவர் படம் திறக்கப்பட்டது. அதே வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. செப்டம்பர் 16 அரசு விழா.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் முன்னால் இருந்த கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: தனியாக நின்று பலத்தைக் காட்டுவதா, பெரிய கட்சியோடு சேர்ந்து பதவியை வாங்குவதா? பாமக 2001-ல் அதிமுக கூட்டணியில் 20 இடங்களை ஜெயித்தது. 2016-ல் தனியாக நின்றது, ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

படையாட்சியார் ரெண்டையும் செய்து பார்த்தவர். தனியாக நின்றதால் 19 இடம் கிடைத்தது. அந்த 19-ஐ வைத்துத்தான் மந்திரி பதவி கிடைத்தது. பதவிக்காகக் கட்சியையே கொடுத்த பிறகு, அடுத்த தேர்தலில் வைத்துப் பேச அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அதன் பிறகு வந்த கட்சிகள் கூட்டணிக்குப் போனாலும், தங்கள் கட்சியைக் கையிலேயே வைத்துக்கொள்கின்றன.