சிங்கச் சின்னமும் மேஜர் சோமநாத சர்மாவும்

இரயில் நிலையங்களில் வண்டிக்குக் காத்திருக்கும் வேளைகளில், விடுமுறையில் ஊர் செல்லும் படைவீரர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்தம் தொப்பியில் மின்னும் சிறு சின்னம் நம் பிள்ளைகளின் கண்ணைக் கவர்கிறது. ஒருவர் தலையில் யானை. மற்றொருவர் தலையில் புலி. வேறொருவர் தலையில் குறுக்காக அமைந்த இரு குக்ரிக் கத்திகள். சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, இச்சின்னங்களின் வரலாற்றை அறிய ஆவல் எழுதல் இயல்பே. அவற்றுள் ஒன்று குமாவுன் ரெஜிமெண்டின் சிங்கம். அச்சிங்கத்தின் கதையை, அதனைச் சூடி 24-ஆம் வயதில் நாட்டுக்கு உயிரீந்த மேஜர் சோமநாத சர்மாவின் வாழ்க்கையோடு இணைத்துக் கூற விழைகிறோம்.

குமாவுன் என்பது இமயமலைச் சாரலில் உள்ள நாடு. ஆயினும் இந்த ரெஜிமெண்டு பிறந்த இடம் இமயமன்று, தக்காணமே. 1788-ஆம் ஆண்டில் பேரார் நாட்டு எல்லிச்பூரில் நவாப் சலாபத்கான் திரட்டிய படையே இதன் மிகப் பழைய வேராகும். பின்னர் 1813-இல் ஐதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த சர் ஹென்றி ரஸ்ஸல் என்பார் ஒரு படையை அமைத்தார். இவையும் இவற்றை ஒத்த பிற படைகளும் நாளடைவில் ஒன்றாகி, 1922-இல் 19-ஆவது ஐதராபாத் ரெஜிமெண்டு எனப் பெயர் பெற்றன. வீரர்களோ வடநாட்டிலிருந்தும் குமாவுன் மலைகளிலிருந்தும் மிகுதியாக வந்து சேர்ந்தனர். ஆகவே 1945 அக்டோபரில் ஐதராபாத் என்ற பெயர் நீங்கிக் குமாவுன் என்ற பெயர் சூட்டப்பெற்றது. பின்னர் இராணிக்கேத் நகர் அதன் தலைமையிடமாயிற்று.

பெயர் மாறியது; இடம் மாறியது; சின்னம் மட்டும் மாறவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்கும் சிங்கத்தின் மேற்பாதி உடலும், அது பற்றியிருக்கும் ஒரு சிலுவையுமே அச்சின்னம். அது ரஸ்ஸல் குடும்பத்தாரின் குலச்சின்னத்திலிருந்து வந்ததாகும். நாடு விடுதலை பெற்றபின் படைச்சின்னங்கள் பலவற்றில் ஆங்கில முடி அகன்று அசோகச் சிங்கங்கள் இடம்பெற்றன. ரஸ்ஸலின் சிங்கமோ நிலைத்துவிட்டது. அயலார் ஒருவரின் குடும்பச் சின்னத்தைச் சுதந்திர பாரதத்தின் வீரன் ஏன் அணிய வேண்டும் என்று சிலர் வினவலாம். இவ்வினாவுக்குச் சோமநாதரின் வாழ்க்கையே விடை பகர்கிறது.

சோமநாதர் 1923-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், இன்றைய இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்கடா மாவட்டத்தில் தாத் என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் அமர்நாத சர்மா படையில் மருத்துவராக இருந்து மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். தாய்மாமனோ இந்த ஐதராபாத் ரெஜிமெண்டிலேயே பணிபுரிந்து, மலேயாவில் சப்பானியரை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர். நைனிதாலிலும் டேராடூனிலும் பயின்ற சோமநாதர், 1942 பிப்ரவரியில் அதே ரெஜிமெண்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். மாமன் சூடிய சிங்கத்தை மருமகனும் சூடினார்.

பர்மாப் போரில், அரக்கான் காடுகளில் பிற்காலத்தில் படைத்தலைமை ஏற்ற திம்மையாவின் கீழ் அவர் பணியாற்றினார். அங்கே காயமுற்று நடக்கவியலாதுபோன தம் பணியாளனை விட்டுவிட மனமின்றித் தோளில் சுமந்து வந்தார் என்பர். தம் கீழுள்ளாரைக் கைவிடாத அப்பண்பு இறுதிநாள் வரை அவரிடம் விளங்கியது.

1947 அக்டோபரில் காஷ்மீரத்தினுள் படையெடுப்பாளர் புகுந்தனர். நம் படைகள் வானூர்தியில் சென்று ஸ்ரீநகரில் இறங்கின. அப்போது சோமநாதர் ஹாக்கி ஆட்டத்தில் இடக்கை முறிந்து மாவுக்கட்டுடன் இருந்தார். ஓய்வில் இருக்க உரிமை பெற்றிருந்தும், தம் கம்பெனி போருக்குச் செல்லுகையில் தாம் பின்தங்கலாகாது எனப் பிடிவாதமாய் உடன் சென்றார்.

நவம்பர் 3-ஆம் நாள் அவர் கம்பெனி பட்காம் என்னும் சிற்றூரில் காவலிருந்தது. ஸ்ரீநகர் விமான நிலையம் அவ்விடத்திற்கு அண்மையிலேயே இருந்தது. அது பகைவர் கையில் வீழ்ந்தால், மேலும் படை வந்திறங்க வழியே இல்லை. பிற்பகலில் ஏறத்தாழ 500 பேர் மூன்று புறமும் வளைத்துத் தாக்கினர். நம்மவர் ஒருவர்க்குப் பகைவர் எழுவர் என்னும் நிலை. சோமநாதர் வெட்டவெளியில் குண்டுமழையின் ஊடே ஓடி ஓடி வீரர்களை ஊக்கினார். நம் விமானங்கள் பகைவரை இனங்கண்டு தாக்குதற்காகத் தரையில் துணி அடையாளங்களை விரித்தார். ஆள் குறையக் குறைய, கட்டிட்ட கையாலேயே துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். பகைவர் ஐம்பது கஜ தூரத்தில் நெருங்கிவிட்டனர் என்றும், ஆயினும் ஓரங்குலமும் பின்வாங்கப் போவதில்லை என்றும் தலைமைக்குச் செய்தி விடுத்தார். சிறிது நேரத்தில் பீரங்கிக் குண்டொன்று வெடிமருந்துக் குவியலில் வீழ்ந்து வெடிக்க, அவர் உயிர் நீத்தார்.

தலைவனை இழந்தும் வீரர் கலையவில்லை. ஆறு மணி நேரம் பகைவர் அங்கே தடைபட்டனர். அதற்குள் துணைப்படைகள் வந்து சேர்ந்தன. விமான நிலையம் காப்பாற்றப்பெற்றது. மூன்று நாள் சென்று கிடைத்த உடலை, கைத்துப்பாக்கியின் தோலுறையையும் சட்டைப்பையிலிருந்த கீதையின் ஏடுகளையும் கொண்டே அடையாளங் கண்டனர்.

1950-இல் பரம் வீர் சக்கரம் நிறுவப்பெற்றபோது, முதன்முதல் அப்பேற்றை அடைந்தவர் சோமநாதரே. அப்பதக்கத்தில் இந்திரனின் வச்சிராயுதம் நான்கு பொறிக்கப்பட்டுள்ளது. தேவர்களைக் காக்கத் ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே ஈந்தார் என்றும், அதனால் அவ்வாயுதம் ஆயிற்று என்றும் புராணம் கூறுவதை நாம் அறிவோம். அதனை வரைந்தவர் சாவித்திரி பாய் கானோல்கர். அவ்வம்மையார் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து, பாரதத்தையே தம் நாடாகக் கொண்டவர். சோமநாதரின் தம்பி சுரேந்திரநாதர் அவ்வம்மையாரின் மருமகன் என்பது வியப்புக்குரிய செய்தி. மற்றொரு தம்பி விசுவநாதர் 1988 முதல் 1990 வரை நாட்டின் தரைப்படைத் தலைவராய் விளங்கினார்.

ஆங்கிலேயர் குடும்பத்துச் சிங்கமும் சுவிஸ் மங்கை வரைந்த வச்சிரமும் எவ்வாறு நம்முடையன ஆயின? அவற்றின் பொருட்டு நம்மவர் உயிரைக் கொடுத்ததால் ஆயின. சின்னம் வீரனுக்குப் பெருமை தருவதில்லை. வீரனே சின்னத்துக்குப் பெருமை தருகிறான். பிறந்த மண்ணை விட்டு வந்து, இக்காலனியில் வாழ்ந்து, நம் சங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. வந்த ஊரை நம் ஊராக்குவதும், தாங்கிய பெயருக்கு ஒளியூட்டுவதும் நம் நடத்தையே. இனி இரயில் நிலையத்தில் அச்சிங்கத்தைக் காணும்போது, பட்காமில் கட்டிட்ட கையோடு நின்ற அவ்விளைஞரை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.